ஊமத்தை வேரில் பழுத்த தக்காளி

பிரிவுபசாரக் கூட்டத்தில் நான் பேசவில்லை. தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். தொண்டைக்கு ஒன்றும் இல்லை. சால்வையும் மாலையுமாக நிற்கும்போது எனக்கு மனதில் இருப்பது வாயில் வராது. வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து, பக்கத்தில் பால் விடாத கட்டன்சாயா ஒரு குவளை இருந்தால்தான் வரும். அதனால் இப்போது சொல்கிறேன், புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் நீங்கள் கேளுங்கள். நம் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் எனக்குப் பச்சைமிளகாய் என்று பட்டப்பெயர் இருந்தது எனக்குத் தெரியும். யார் வைத்தது என்றும் தெரியும். கோபமில்லை, போங்கள். மிளகாயும் நம் குடும்பத்துச் செடிதானே.

குடும்பம் என்றால் கத்தரிக் குடும்பம். அதுதான் இனி உங்களுக்குச் சோறு போடப் போகிறது. தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு எல்லாம் இதில் அடக்கம். சுண்டையும் தூதுவளையும் மணத்தக்காளியும் இதில்தான். புகையிலையும் ஊமத்தையும்கூட இதில்தான். ஒருத்தன் குழம்பில் கிடப்பான், இன்னொருத்தன் ஆளைப் பித்தாக்கி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவான். பூவை வைத்துப் பார்த்தால் அண்ணன் தம்பி என்று தெரியும், குணத்தை வைத்துப் பார்த்தால் தெரியாது.

ஒட்டுக்கட்டும் முறையை நான் உங்களுக்குச் சொல்லித் தரப் போவதில்லை. உங்கள் விரல்கள் என் விரல்களைவிட நிதானமானவை, அதைப் பார்த்துவிட்டுத்தான் நிம்மதியாக வெளியே வந்தேன். ஆனால் இந்த வேலையில் கைக்கு வேலையில்லாத சில நேரங்கள் வரும். ஆய்வுக்கூடம் பூட்டியிருக்கும், கேட்க ஆள் இருக்காது, முடிவை மட்டும் உடனே எடுத்தாக வேண்டும். எனக்கு அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது.

நம் மாவட்டத்தில் மழைக்குப் பிறகு தக்காளிக்கு என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மழை விட்டு வெயில் சுள்ளென்று அடிக்கும். காலையில் நன்றாக நின்ற செடி மத்தியானம் பச்சையாகவே தொங்கிப் போய் நிற்கும். பக்கத்துச் செடி மறுநாள். இந்த வாடல் நோய் மண்ணிலேயே இருப்பதால் எந்த மருந்துக்கும் மசியாது. அதனால்தான் நிலையத்தில் சுண்டை வேரில் தக்காளியை ஒட்டிக்கட்டச் சொல்லிக்கொடுத்தோம். சுண்டையின் வேரை அந்த நோய் அவ்வளவு எளிதில் தொடாது.

அந்தப் பயிற்சிக்கு ராஜமணி அண்ணன் வந்தார். கொட்டாரம் ஊருக்குப் பக்கத்தில் அவருக்குத் தோட்டம். மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டுத் திரும்பியவர். நான் பார்த்த ஒட்டுக்காரர்களில் அவர் கையைப் போலச் சுத்தமான கை இன்னொன்று இல்லை. இரண்டு வருஷமாக வாடல் நோயில் தக்காளியை மொத்தமாகப் பறிகொடுத்தவர். பயிற்சி முடிந்து போகும்போது, "டீச்சரே, இந்தத் தடவையும் போச்சுன்னா நான் மண்வெட்டியைத் தூக்கிப் போட்டுட்டு திரும்பியும் மஸ்கட்டுக்குப் போயிருவேன் பாத்துக்கிடுங்க" என்றார். நம் பக்கத்தில் படித்த பொம்பளை என்றால் எல்லோருக்கும் டீச்சர்தான். நான் ஒருநாளும் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்ததில்லை.

அந்த ஞாயிறு காலை, நாகர்கோவிலில் வீட்டில் தோசைக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தேன். போனில் ராஜமணி அண்ணனிடமிருந்து ஒரு படம் வந்தது. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு பொங்கியது. தக்காளி கொத்துக் கொத்தாகச் சிவந்து தொங்குகிறது, வரப்புக்கு அந்தப் பக்கம் அடுத்தவர் தோட்டம் பூராவும் வாடிக் கிடக்கிறது. சந்தோஷத்தில் அடுப்பை அணைத்துவிட்டு, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. ஒரு செடியில் ஒட்டுக்குக் கீழே, வேர்ச்செடியிலிருந்து ஒரு கிளை தப்பி வளர்ந்திருந்தது. சுண்டை என்றால் முள் இருக்கும். இதில் முள் இல்லை. தண்டு ஊதா ஓடி வழுவழுவென்று இருந்தது. நுனியில் நீளமாகச் சுருண்ட ஒரு மொட்டு. அந்த மொட்டை நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

போன் போட்டேன்.

"படம் கண்டியளா டீச்சர்? எப்பிடி, கொள்ளாமா?"

"கொள்ளாம் அண்ணே. கீழ என்ன செடி கெட்டினீங்க?"

"ஊமத்தை!" குரலில் அப்படி ஒரு பெருமை. "சுண்டை விதைச்சேன், எளவு முளைக்கவே மாட்டேன்னுட்டு. முளைச்சதும் நூலு கணக்கா நிக்கு. அதுக்குள்ள தக்காளி நாத்துக்குப் பருவம் தப்பிப் போவுது. வரப்புல பாத்தா ஊமத்தை நல்ல தண்டி தண்டியா நிக்கு. எல்லாம் ஒரே குடும்பம்தானேன்னு கெட்டிப் பாத்தேன். அப்பிடியே பிடிச்சுகிட்டு. ஒண்ணுகூட வாடல டீச்சர்!"

திட்டுவதற்காகத் திறந்த வாயை மூடிக்கொண்டேன். அவர் யோசித்ததில் முட்டாள்தனம் ஒன்றும் இல்லை. ஒட்டு மாங்கன்று வாங்குகிற யாராவது கீழே இருக்கும் மாமரம் என்ன ஜாதி என்று கேட்கிறோமா? மேலே என்ன கட்டுகிறோமோ அதன் பழம்தான் வரும். ஒட்டுக்காரர்கள் எல்லோரும் நம்பும் விதி அது, பெரும்பாலும் உண்மையும்கூட. ஆனால் ஊமத்தை தன் விஷத்தை வேரில்தான் சமைக்கிறது. சமைத்து மேலே அனுப்புகிறது. மேலே இருப்பது தன் தலையா தக்காளியின் தலையா என்று அது பார்ப்பதில்லை. ஒட்டுக்கட்டத் தெரியாதவன் இந்தத் தப்பைச் செய்யவே முடியாது. நன்றாகத் தெரிந்தவன்தான் செய்வான்.

"அண்ணே, பழத்தை வீட்டுல யாராச்சும் தின்னாவளா?"

"சேச்சே, யாரு தொடுவா? முதல் பறிப்பு அய்யாவுக்குல்லா? காலையிலயே தாங்கல்ல கொண்டு குடுத்தாச்சு."

ராஜமணி அண்ணன் குடும்பம் அய்யாவழி, அய்யா என்றால் அவர்களுக்குச் சாமி. ஊரில் அவர்கள் கும்பிடும் நிழல்தாங்கலுக்கு முதல் விளைச்சலைக் கொடுக்காமல் வீட்டில் ஒரு காயைக்கூட நறுக்க மாட்டார்கள். அந்த வழக்கம் அவர் பிள்ளைகளைக் காப்பாற்றிவிட்டது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தாங்கலில் மத்தியான வழிபாடான உச்சிப்படிப்பு முடிந்ததும் வந்தவர்களுக்கெல்லாம் இலை போட்டு உம்பான் விளம்புவார்கள். அரிசி, பருப்பு, வந்த காய் எல்லாம் ஒரே அண்டாவில் ஒன்றாக வேகும் சாப்பாடு அது. கிழவிகளும் பிள்ளைகளும்தான் முதல் பந்தி.

"அண்ணே, இப்பவே தாங்கலுக்குப் போங்க. அந்தத் தக்காளியை அண்டாவுல போட விடாதீங்க. நான் வாறேன்."

"ஏன் டீச்சர்? விஷமா?"

"இருக்கலாம்."

"இருக்கலாம்னா?"

"அண்ணே, போங்க!"

தாங்கலில் வழிபாட்டுப் பணிவிடை நேரத்தில் யாரும் போனை எடுக்க மாட்டார்கள். ஸ்கூட்டரை வெளியே எடுத்துவிட்டு, கிளப்பும் முன் ஒரே ஒருவருக்குப் போன் செய்தேன். செடிகளில் உள்ள நஞ்சை ஆயுளெல்லாம் பிரித்துப் பார்த்த ஒரு பெண்மணி, வேலையில் எனக்கு மூத்தவர். அப்போதே ஓய்வு பெற்றுப் பத்மநாபபுரத்தில் இருந்தார். பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் அவருக்குப் பிடிக்காது. விஷயத்தைக் கொட்டினேன்.

"பழத்துல வரலாம். வராமலும் இருக்கலாம். செடிக்குச் செடி மாறும். எவ்வளவுன்னு என்கிட்ட கேக்காத, பாக்காம நான் சொல்ல மாட்டேன்," என்றார்.

"வேகவச்சா போயிருமா அக்கா?"

"அதை நம்பிட்டு இருக்காத." பிறகு அவரே கேட்டார். "நீ என்கிட்ட அனுமதி கேக்கியா, துணை கேக்கியா? துணைன்னா நான் இருக்கேன். அனுமதி என் கையில இல்ல மக்கா."

எரிச்சலாக வந்தது. எனக்கு வேண்டியது அனுமதிதான். யாராவது பெரியவர் ஒருவர் "நிறுத்து" என்று சொல்லியிருந்தால், பிற்பாடு ஏதாவது வந்தால் அவர் சொன்னார் என்று நான் சொல்லிக்கொள்ளலாம் பாருங்கள்! போனை வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

சுசீந்திரம் தாண்டிப் போகும்போது என் மண்டை கணக்குப் போட ஆரம்பித்தது. ஒரு பெரிய அண்டா, இவ்வளவு அரிசி, அதில் கொஞ்சம் தக்காளி, அதைச் சாப்பிட இவ்வளவு பேர். வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு ஒன்றுமே வராது. கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கேட்க வேண்டியதைக் கேட்காமல், நமக்கு ஆறுதல் சொல்லுகிற கணக்கு எப்போதும் அழகாக வந்து நிற்கும். கரண்டி சராசரி பார்த்து விளம்பாது. விஷம் அதிகமுள்ள ஒரு செடியின் பழம் எல்லாம் ஒரு பிள்ளையின் இலையில் விழுந்தால் என்ன செய்வேன்? ஒருவேளை விஷமே இல்லையென்றால்? தர்மச் சோற்றைக் கொட்டவைத்த டீச்சரின் நாற்றை இனி ஊரில் யார் வாங்குவார்கள்? பல வருஷ வேலை ஒரே மத்தியானத்தில் போய்விடும். இரண்டு பயத்தையும் சுமந்துகொண்டுதான் போனேன். ஒன்று எனக்கு வரப்போகும் கேடு, இன்னொன்று பிறத்தியாருக்கு வரப்போவது என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

தாங்கல் வாசலில் ராஜமணி அண்ணன் நின்றுகொண்டிருந்தார். உள்ளே போகவே இல்லை. ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். துண்டு கையிலேயே கசங்கிக் கிடந்தது.

"சொன்னியளா?"

"எப்பிடி டீச்சர் சொல்லுவேன்? அய்யாவுக்குக் குடுத்ததை விஷம்னு நான் எந்த வாயால சொல்லுவேன்?" கண் கலங்கியிருந்தது.

எனக்கு வந்த கோபத்தில், "இப்ப வாயைப் பத்தியா பேசுகியோ? அங்க எத்தனை வாயி காத்துட்டு இருக்கு தெரியுமா!" என்று கத்திவிட்டு உள்ளே ஓடினேன். அவர் பின்னாலேயே தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு வந்தார்.

சமையல் பின்பக்கம் தென்னைகளுக்கு நடுவே நடந்தது. இரண்டு பெண்கள் அரிவாள்மணையில் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தார்கள். பாதி ஏற்கெனவே அண்டாவுக்குள் போய் வெந்துகொண்டிருந்தது. வாசனை என்றால் அப்படி ஒரு வாசனை. எனக்கு அந்த நேரத்திலும் பசித்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

தாங்கலில் பணிவிடை செய்யும் பெரியவரைத் தனியே கூப்பிட்டேன். வெள்ளை வேட்டி, நெற்றியில் நாமம், மெலிந்த ஆள். எதை எதில் கட்டியிருக்கிறது, என்ன நடந்திருக்கக்கூடும் என்று சொன்னேன். அவர் கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"விஷம் உண்டுமா, இல்லியா?"

"எனக்குத் தெரியாது அய்யா."

"தெரியாதுன்னு சொல்லத்துக்கா நாகர்கோவில்ல இருந்து இவ்வளவு வெப்ராளமா ஓடி வந்திய?"

"ஆமா," என்றேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. "தெரியாதுங்கதை நீங்க விளம்புகதுக்கு முன்னால சொல்லணும்லா? பின்னால சொல்லி என்ன பிரயோசனம்?"

அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தவர் கேட்டுவிட்டார். "இத்தனை பெரிய அண்டாவுல நாலு தக்காளி என்ன செய்யும்? தர்மச் சோறை சும்மா கொட்டச் சொல்லுகியளா?" நான் சுசீந்திரத்தில் போட்ட அதே கணக்கு. பதில் சொல்ல நான் வாயெடுக்கும் முன் பெரியவர் அடுப்பில் எரிந்த விறகை வெளியே இழுத்துவிட்டார். "தெரியாததை ஊருக்கு விளம்ப முடியாது. குழி வெட்டுங்கோ. ஆழமா வெட்டணும், மாடும் நாயும் மோந்து பாக்கப்பிடாது."

அதற்குள் கூட்டம் பின்பக்கம் வந்துவிட்டது. என்ன, ஏது, யார் கொடுத்த தக்காளி என்று ஆளாளுக்குக் கேள்வி. நான் வழியிலேயே பதிலைத் தயார் செய்து வைத்திருந்தேன். "எங்க நிலையத்து ஆராய்ச்சிச் செடி. சோதிக்க முன்னால பழம் வெளியே வந்துட்டு. பிழை எங்க பக்கம்," என்று உரக்கச் சொன்னேன். அரசாங்கத்தைத் திட்டிவிட்டுப் போய்விடுவார்கள், பழகிப்போன விஷயம் என்று எண்ணம்.

"இல்ல," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். ராஜமணி அண்ணன். "டீச்சர் எனக்காகச் சொல்லுகாவ. சுண்டையிலதான் கெட்டச் சொன்னாவ. நான்தான் ஊமத்தையில கெட்டினேன். தக்காளி எனக்கதுதான்."

ஒரு பெண் தன் பேரனைக் கையைப் பிடித்து இழுத்துத் தள்ளி நிறுத்தினாள், ராஜமணி அண்ணனே விஷம் என்பதுபோல. அதை அவர் பார்த்தார். நானும் பார்த்தேன். நான் கட்டிய பொய்யை இந்த மனுஷன் உடைத்துவிட்டாரே என்று முதலில் கோபம்தான் வந்தது எனக்கு. ஆனால் யோசித்துப் பாருங்கள், ஊமத்தை என்ற வார்த்தை அங்கே எல்லோர் காதிலும் விழவேண்டியிருந்தது. பயிற்சிக்கு வந்தவர்கள் இன்னும் பலர் அந்த ஊரில் இருந்தார்கள், எல்லோருக்கும் சுண்டை அதே போல் முளைக்காமல் சண்டித்தனம் செய்துகொண்டுதான் இருந்தது. என் பொய் அவரைக் காப்பாற்றியிருக்கும், அவர்களைக் காப்பாற்றியிருக்காது.

அண்டாவைப் புதைத்தோம். சோற்றைத்தான் சொல்கிறேன், அண்டாவைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி மறுபடி அடுப்பேற்றினார்கள். ஊரே அரிசியும் காயும் கொண்டு வந்தது. நானும் அரிவாள்மணையில் உட்கார்ந்தேன். பூசணிக்காயை நான் நறுக்கிய லட்சணத்தைப் பார்த்து அந்தப் பெண்கள் சிரித்ததுதான் அன்று கேட்ட முதல் சிரிப்பு. சாப்பாடு பிந்தித்தான் விளம்பினார்கள். ராஜமணி அண்ணன் சாப்பிட உட்காரவில்லை. எப்போது போனார் என்றும் தெரியவில்லை.

மறுநாள் அவர் தோட்டத்துக்குப் போனேன். செடி முழுவதையும் பிடுங்கிக்கொண்டிருந்தார். சோதனைக்கு வேண்டியதை நான் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு ஒட்டும் அவ்வளவு அழகு, தழும்பே தெரியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என்னைத் தேற்ற வேண்டியதாயிற்று. "சவத்தை விடுங்க டீச்சர், செடிதானே," என்றார்.

சோதனையில் பழத்திலும் நஞ்சு இருந்தது. செடிக்குச் செடி வேறு வேறு அளவு, சிலவற்றில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது, சிலவற்றில் தேடவே வேண்டாம். இதைச் சொன்னதும் உங்கள் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும் என்று எனக்குத் தெரியும். நல்லவேளை, டீச்சர் செய்தது சரியாகப் போயிற்று என்று. அங்கேதான் நான் உங்களோடு சண்டை போடுவேன். சோதனையில் ஒன்றுமே இல்லை என்று வந்திருந்தாலும் அன்று அந்த அடுப்பை அணைத்தது சரிதான். முடிவு எடுக்கும்போது நம் கையில் என்ன இருந்தது என்பதை வைத்துத்தான் முடிவை எடைபோட வேண்டும். நம் கையில் அன்று இருந்தது ஒரு மொட்டும், பந்திக்குக் காத்திருந்த பிள்ளைகளும்தான்.

நஞ்சு இருந்தது என்று தெரிந்ததும் ஊரில் எனக்கு மரியாதை கூடிவிட்டது. ராஜமணி அண்ணனுக்கு நேர்மாறு. யாரும் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. அவராகவே ஒதுங்கிக்கொண்டார். தாங்கலுக்குப் போவதை நிறுத்தினார். கடைத்தெரு வழியாக நடப்பதையும் நிறுத்தி, குளத்தங்கரையைச் சுற்றித் தோட்டத்துக்குப் போனார். மஸ்கட்டில் பழைய கம்பெனியில் கேட்டிருப்பதாக ஒருநாள் சொன்னார். விஞ்ஞானம் படித்தவள் இதற்கு என்ன மருந்து எழுத? வாரா வாரம் போய் அவரை நச்சரித்தேன், அதுதான் எனக்கு வந்தது. சுண்டையை முன்கூட்டியே விதைத்து, தண்டு பருத்த பிறகு தக்காளி விதையைத் தூவினோம். அவர் கை மறுபடி ஒட்டுக்கட்டியது. அந்தப் பருவத்து மழையும் வந்தது, வாடலும் வந்தது, அவர் தோட்டம் மட்டும் நின்றது.

பழம் சிவந்தது. அவர் பறிக்கவில்லை. தாங்கலுக்குக் கொடுக்காமல் வீட்டில் தொட மாட்டார், தாங்கலுக்குக் கொண்டுபோகக் கால் வரவில்லை. பழம் செடியிலேயே கனிந்து உதிர ஆரம்பித்தது. "பறியும் அண்ணே, நான் கொண்டு குடுக்கேன்," என்றேன். தலையை ஆட்டினார், பறிக்கவில்லை.

ஒரு காலையில் நாங்கள் இருவரும் வரப்பில் நின்றபோது, பணிவிடைப் பெரியவர் வெறும் கடவத்தைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். பனையோலையில் முடைந்த பெரிய கடவம். வணக்கம் இல்லை, நலம் விசாரிப்பு இல்லை.

"இது என்ன வேரு?"

"சுண்டை," என்றார் ராஜமணி அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு.

பெரியவர் என்னைப் பார்த்தார். "ஒவ்வொரு செடியா நானே பாத்தாச்சு. தின்னலாம்," என்றேன்.

கைக்கு எட்டிய ஒரு பழத்தைப் பறித்து, வேட்டியில் துடைத்து, அங்கேயே கடித்தார். சாறு கை வழியாக வழிந்தது. முழுவதையும் தின்று முடித்துவிட்டுக் கடவத்தை வரப்பில் வைத்தார். "நிறை," என்றார்.

ராஜமணி அண்ணன் பறிக்கப் பறிக்கக் கடவம் நிறைந்தது. நிறைந்ததும் அதைப் பெரியவர் பக்கம் நகர்த்தினார்.

"நான் சுமக்கத்துக்கா வந்தேன்? நீ எடு. கடைத்தெரு வழியா வரணும், குளத்தங்கரை வழியா வரப்பிடாது." சொல்லிவிட்டு அவர் முன்னால் நடந்துவிட்டார், திரும்பிப் பார்க்கவே இல்லை.

ராஜமணி அண்ணன் துண்டைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு, "டீச்சர், ஒரு கை பிடிங்க," என்றார். பிடித்து ஏற்றிவிட்டேன். நல்ல கனம். கடைத்தெருவில் நான் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே அவர் பின்னால் போனேன். தலையில் கடவம் இருப்பவர் குனிந்து நடக்க முடியாது. தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, அத்தனை பேர் பார்த்திருக்க, ராஜமணி அண்ணன் முகத்தை நிமிர்த்தித்தான் நடந்தார்.